குருத்துக்கலத்தில் காணும் விகாரம் பழையதா, புதியதா என்று கண்டறியும் முறை

கொழும்பு ஆய்வுகூடங்களில் இத்துறைக்குள் நுழையும் நம் மாணவர்கள், தோற்கலங்களைக் குருத்துக்கலங்களாக மாற்றுவதற்கு முன்பே, அவற்றில் ஒரு பகுதியைத் திகதியிட்ட குப்பிகளில் திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். அந்தத் தாய்க்கலம் கையில் இல்லையேல், ஒரு விகாரம் (டி.என்.ஏ.யில் நேரும் மாற்றம்) தோற்கலத்திலேயே இருந்த பழையதா, அதன் பின் தோன்றிய புதியதா என்று ஒப்பிடவே முடியாது.

ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டிய இந்த மாற்றும் முறையில் உருவாகும் ஒவ்வொரு குருத்துக்கலக் கூட்டமும் பெரும்பாலும் ஒற்றைக் கலத்திலிருந்தே வளர்வதால், அந்த ஒரு கலத்தில் முன்பே மறைந்திருந்த விகாரம் கூட்டம் முழுவதிலும் பரவி, புதியதுபோல் தோன்றும். ஆகவே பல கூட்டங்களின் டி.என்.ஏ. தொடரை வாசித்து, ஐயத்துக்குரிய இடத்தைத் தாய்க்கலங்களில் மிக ஆழமாக, அதாவது அதே இடத்தை மிகப் பல தடவை, மீண்டும் வாசியுங்கள். வாசிப்புப் பிழையின் அளவைத் தெளிவாகத் தாண்டி அங்கே தென்பட்டால் அது பழையது. தென்படாவிட்டால், புதியதென்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்; மிகச் சில தாய்க்கலங்களில் மட்டும் இருந்து வாசிப்புக்குத் தப்பியிருக்கலாம்.

குருத்துக்கலங்களில் அடிக்கடி காணப்படும், இருபதாம் நிறமூர்த்தத்தின் நீள்கரத்தில் நேரும் சிறு இரட்டிப்பைத் தனியாகச் சோதியுங்கள். சாதாரண நிறமூர்த்தப் படத்துக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும்.