துருக்குழி விழுந்த பழைய கோல்ட் பிஸ்டலை வீட்டிலேயே சீரமைத்தல்

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இயங்கிய கோல்ட் தொழிற்சாலை, ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த 1903 பாக்கெட் ஹேமர்லெஸ் பிஸ்டலை 1903 முதல் 1945 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் தயாரித்தது. பெயரில் ஹேமர்லெஸ், அதாவது சுத்தியல் இல்லாதது, என்றிருந்தாலும் சுடும் ஊசியைத் தட்டும் சுத்தியல் இல்லாமல் இல்லை. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டிக்கொள்ளாதபடி, முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடுக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பையிலும் தோலுறையிலும் மேசை இழுப்பறையிலும் காலம் கழித்த கைத்துப்பாக்கி என்பதால் வியர்வையும் தோலில் ஊறிய ஈரமும் இதன் உடம்பில் குழி பறித்திருப்பது மிகச் சாதாரணம். அப்படித் தேய்ந்து குழி விழுந்த ஒன்று சட்டப்படி உங்கள் கைக்கு வந்திருந்தால், அதன் தோற்றத்தை வீட்டுப் பட்டறையிலேயே எப்படி மீட்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். இது அமெரிக்காவில் வாழும் தமிழர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். ஆகவே ஊரில் தாத்தாவின் பிஸ்டல் இருக்கிறது என்பவர்கள் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே அதைக் கொடுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், செய்ய வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய மெருகு பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் எண்ணெய் தடவித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது, ஏனெனில் சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது மூல மெருகுக்குத்தான், நீங்கள் எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அந்த விலை திரும்பாது. மெருகு அனேகமாகப் போய், உலோகம் பழுப்பேறி, விரலால் தடவினால் குழி நெருடுகிறது என்ற நிலையில் உள்ளதே சீரமைப்புக்கு உரியது. இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது பளபளப்பை அல்ல. ஸ்லைடின் நேர்க்கோடுகளையும், அதன் மேல் பதிந்துள்ள எழுத்துகளையும், பாயும் குதிரை முத்திரையையும்தான். குழி இருந்தாலும் கோடு நேராக இருக்கும் துப்பாக்கி மரியாதையாகத் தெரியும். குழியே இல்லாமல் எழுத்து கரைந்து மூலைகள் உருண்டு போனது, விலை உயர்ந்த பாலிஷ் ஏறியிருந்தாலும், கெட்டுப்போனதாகவே தெரியும்.

முதலில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பார்ப்பதோடு சுண்டுவிரல் நுனியாலும் தடவி, காலியாக இருப்பதை உறுதி செய்யுங்கள். மேகசினை எடுத்துவிட்டதாலேயே துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் பழைய பிஸ்டல்களில் பெரிய ஆபத்து. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் வீட்டு அறையில் தோட்டாக்களே இருக்கக் கூடாது. காலி என்று உறுதியானதும், ஸ்லைடின் முன்பகுதியில் செதுக்கியுள்ள சிறு அம்புக்குறி, கைப்பிடியோடு கூடிய அடிப்பாகமான பிரேமின் முன்விளிம்போடு ஒன்றும் வரை ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழலான பேரலை அதன் அடியிலுள்ள பற்கள் பிரேமிலிருந்து விடுபடும் வரை திருப்பினால், ஸ்லைடும் பேரலும் சேர்ந்து முன்பக்கமாகக் கழன்று வரும். துரு இறுக்கியிருந்தால் சுத்தியலை எடுக்காமல், ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊற வையுங்கள். கைப்பிடித் தகடுகளின் திருகாணிகளுக்கு, அவற்றின் பள்ளத்தை முழுவதும் நிரப்பும் அளவுக்கு முனை இணையாகத் தீட்டிய திருப்புளியே வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ஆப்பு முனைத் திருப்புளி பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து அதைப் பிய்த்துவிடும். பழைய தகடுகள் கடின ரப்பரால் ஆனவை, வயதாகி நொறுங்கும் தன்மை கொண்டவை, எனவே திருகாணியைக் கழற்றியபின் அவற்றை நெம்பாமல் உள்பக்கத்திலிருந்து விரலால் மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும்.

துருவை நீக்குவதற்கு நான் பரிந்துரைப்பது கொதிநீர். செந்துரு என்பது இரும்பின் நீரேறிய ஆக்சைடு; அதைக் கொதிக்கும் வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த தூய நீரில், இருபது நிமிடம் வைத்தால், உலோகத்தோடு ஒட்டியிருக்கும் பகுதி மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது, உதிரியான பகுதி தளர்ந்துவிடுகிறது. வெளியே எடுத்து உலர்த்தி, பித்தளைத் தூரிகையாலும் 0000 எண் இரும்புப் பஞ்சாலும் தேய்த்தால் தூள் உதிரும், நல்ல உலோகம் ஒரு துளியும் போகாது. குழிகளின் அடியில் செந்நிறம் தெரியாமல் போகும் வரை மீண்டும் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டுக் குழிக்குள் செந்துருவை மிச்சம் வைத்துவிட்டால், பின்னால் ஏற்றும் மெருகின் ஊடாக அது சில மாதங்களில் எட்டிப்பார்க்கும். வாஷிங் சோடா கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்ய வேண்டும். நேர்மின்வாய்க்குச் சாதாரண இரும்பையே பயன்படுத்த வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் நச்சுமிக்க குரோமியம் நீரில் கரையும். ஸ்பிரிங்குகளை மின்சாரத் தொட்டியிலோ அமிலத்திலோ போடவே கூடாது, ஹைட்ரஜன் உள்ளேறி அவை முறியும் தன்மை அடைந்துவிடும். துருவேறிய ஸ்பிரிங்குக்குப் புதிது வாங்கிப் போடுவதே முறை.

அடுத்து அரமும் உப்புத்தாளும். இங்கேதான் பெரும்பாலான துப்பாக்கிகள் பாழாகின்றன. சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்தால் கால்மணி நேரத்தில் கண்ணாடி போல மின்னும் என்பது உண்மை. அதே கால்மணி நேரத்தில் ஆணித் துளைகளின் ஓரங்கள் கிண்ணமாகக் குழிந்து, மூலைகள் உருண்டு, எழுத்துகளின் ஒரு பக்கம் கரைந்து வால் நீண்டுவிடும் என்பதும் உண்மை. கையால் செய்வதற்கு மாற்று இல்லை. தட்டையான பக்கங்களுக்கு எஃகுத் துண்டையோ கடின மரத்துண்டையோ அடியில் வைத்த உப்புத்தாள் வேண்டும், வளைவுகளுக்கு அந்த வளைவுக்கேற்பச் செதுக்கிய மரத்துண்டு வேண்டும். விரலை அடியில் வைத்துத் தேய்த்தால் மென்மையான சதை குழிக்குள் இறங்கி, குழியின் விளிம்பைச் சரித்து, அலை அலையாக்கிவிடும். உப்புத்தாளின் எண் கூடக் கூட அது நைசாகும்; எண்ணெய் தொட்டு, 220 எண் தாளில் தொடங்கி, 320க்கு ஏறி, 400இல் நிறுத்துங்கள். எப்போதும் ஸ்லைடின் நீளவாக்கிலேயே தேயுங்கள்.

குழி முழுவதும் மறைய வேண்டுமென்றால், ஒரு குழியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையுமே இறக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். மேலோட்டமான அரிப்பு 220 தாளில் போய்விடும். அம்மைத்தழும்பு போல ஆழ இறங்கியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். வேலையின் இடையிடையே விளக்கைச் சாய்வாகப் பிடித்து, இடப்பக்கம் உள்ள காப்புரிமைத் தேதிகளைப் பாருங்கள்: 1897 ஏப்ரல் 20, 1903 டிசம்பர் 22 என்ற அந்தப் பொடி எழுத்துகளின் பள்ளத்தில் விழும் நிழல் மெலியத் தொடங்கினால், குழி எஞ்சியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் வேலை முடிந்தது என்று பொருள். எழுத்து உள்ள இடத்துக்கு 320ஐவிடக் கரடான தாளைக் கொண்டுபோகாதீர்கள். பிரேமின் இடப்பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணுக்கு அருகே தாளே வேண்டாம், கொதிநீரும் இரும்புப் பஞ்சும் போதும். அந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், தெரியாமல் தேய்த்துவிட்டேன் என்று விளக்கம் சொல்லும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. குழிகளை வெல்டிங் செய்து நிரப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள், ஆனால் சூடு உலோகத்தின் வலிமையையும் நேரான வடிவத்தையும் மாற்றிவிடும் என்பதால் ஸ்லைடிலும் பேரலிலும் வீட்டில் அதைத் தொடக் கூடாது.

இனி கருநீல மெருகு. கோல்ட் தொழிற்சாலை அந்நாளில் உலையில் எலும்புக்கரியோடு சூடேற்றி மெருகேற்றியது; வீட்டில் அதைச் செய்ய முடியாது. குழி விழுந்த உலோகத்துக்கு நம்மால் இயன்றவற்றில் மிகப் பொருத்தமானது ரஸ்ட் ப்ளூயிங், அதாவது வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவழைத்து அதைக் கருப்பாக மாற்றும் முறை. கடையில் விற்கும் குளிர் ப்ளூயிங் திரவங்கள் சில வாரங்களிலேயே கைபட்டுத் தேய்ந்துவிடும், திருகாணித் தலைக்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். அதீதப் பளபளப்புள்ள பரப்பில் துரு சரியாகப் பிடிக்காது என்பதால்தான் 400இல் நிறுத்தச் சொன்னேன்.

பாகங்களை வாஷிங் சோடா கரைத்த கொதிநீரில் கழுவி, பிறகு அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப்பசை அறவே இல்லாமல் செய்யுங்கள்; அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அடுப்பு எரியும் அறையில் அதைத் திறக்காதீர்கள். இதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பேரலின் இரு முனைகளையும் இறுக்கமான மரக்கட்டைகளால் அடையுங்கள், அவையே பிடியாகவும் உதவும். ரஸ்ட் ப்ளூயிங் திரவத்தில் அமிலம் இருக்கும், சிலவற்றில் பாதரச உப்பும் இருக்கும், ஆகவே புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பஞ்சைத் திரவத்தில் நனைத்து, பிழிந்து, ஈரம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவில் ஒரே திசையில் ஒருமுறை மட்டும் தடவ வேண்டும். தடவிய இடத்தில் மறுபடி தடவினால் திட்டுத்திட்டாகச் செம்பு நிறம் படியும். ஸ்லைடின் உள்தடங்களில் திரவம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடவிய பாகங்களை ஈரப்பதம் மிகுந்த இடத்தில் சில மணி நேரம் தொங்கவிட வேண்டும். சென்னையில் இதற்குத் தனி ஏற்பாடே தேவைப்படாது. அமெரிக்கக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று எலும்பு காய்வது போல் காய்ந்திருப்பதால், ஒரு மரப்பெட்டிக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து 27 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பரப்பெங்கும் மெல்லிய பூம்பொடி போல ஆரஞ்சு நிறத் துரு படர்ந்ததும் எடுத்துவிட வேண்டும்; துளித்துளியாக நீர் கோத்தால் புதிய குழியே விழும். அதைக் கொதிக்கும் வடிநீரில் அமிழ்த்தினால், ஆரஞ்சு நிறம் கண்ணெதிரிலேயே இருண்டு, பத்துப் பதினைந்து நிமிடங்களில் வெல்வெட்டுத் துணி போன்ற கருமையாகும். குழாய் நீரில் உள்ள உப்புகள் கறை பிடிக்கச் செய்யும் என்பதால் வடிநீரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எடுத்து உலர்ந்ததும், அசிட்டோனில் அலசிக் காயவைத்த இரும்புப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, மேலே நிற்கும் கருந்தூளை நீக்குங்கள். புதுப் பஞ்சில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அலசாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு பிடிக்காது.

முதல் சுற்றில் கிடைப்பது வெளிறிய, திட்டான சாம்பல் நிறமே. மூன்றாவது சுற்றில் சீராகும், ஆறு முதல் எட்டுச் சுற்றில் ஆழ்ந்த கருநீலம் வந்து, அதற்கு மேல் நிறம் ஏறாமல் நின்றுவிடும். விட்டுவைத்த குழிகள் இப்போது சுற்றியுள்ள பரப்பின் நிறத்தையே ஏற்றிருப்பதால், கை நீளத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அவை தெரிவதில்லை. கடைசிக் கொதிப்புக்குப் பின் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி அமிலத்தை முறித்து, உலர்த்தி, எண்ணெயில் ஓர் இரவு முழுதும் ஊற விடுங்கள். பேரலின் உட்புறத்தைத் துடைத்து எண்ணெயிட மறக்காதீர்கள்.

வெயிலில் பழுப்பேறிய ரப்பர்த் தகடுகளைப் பல் தூரிகையும் மிதமான சோப்பு நீரும் கொண்டு சுத்தம் செய்து, காய்ந்தபின் மெல்ல மெழுகு பூசினால் போதும். பூட்டும்போது திருகாணியை விரல் பலத்துக்கு மேல் முறுக்காதீர்கள், சுருங்கிப்போன பழைய ரப்பர் துளையிலிருந்து நேராக வெடிக்கும்.

தோற்றம் மீண்டுவிட்டது என்பதாலேயே இதைச் சுடத் தகுதியானது என்று கொள்ளக் கூடாது. பேரலின் உட்குழிகள், தோட்டா அறையின் அளவு, சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் எனப்படும் கொக்கியின் தேய்மானம், இரண்டு பாதுகாப்புப் பூட்டுகளின் இயக்கம் ஆகியவற்றை அளவுகோல்கள் கொண்டு ஒரு கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், சோதித்து அனுமதித்த பின்னரே தோட்டாவைப் பற்றி யோசிக்கலாம். சியரையும் சுத்தியலின் பிடியையும் மெருகுக்காகக்கூட உப்புத்தாளால் தொடாதீர்கள். அங்கே மயிரிழை குறைந்தாலும் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும். பார்வைக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் அதைத் தோலுறையில் போடாமல், எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில், சிலிக்கா ஜெல் பையுடன் வைக்க வேண்டும். தொட்டுக் காட்டிய ஒவ்வொரு முறையும் விரல் ரேகையைத் துடைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும்.