க்யூபெக் பிரெஞ்சு வம்சத்தோட முதல் ஆளை எப்படித் தேடிப் பிடிக்கிறது

என் மருமக கனடாவுல க்யூபெக் மாகாணத்து மாண்ட்ரியால் பொண்ணு, தலைமுறை தலைமுறையா பிரெஞ்சுக்காரங்க. "எங்க வம்சத்துல மொதல்ல பிரான்ஸ்ல இருந்து கப்பலேறி வந்தது யாருன்னே தெரியல மாமா"ன்னு ஒரு நாள் சொல்லிச்சு, ரிட்டயர் ஆகி சும்மா இருந்த நான் தேட உக்காந்தேன், அந்தக் குளிர்காலமே அதுல போயிடுச்சு. கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல, பிரான்ஸ்காரங்க வந்து குடியேறுன 1600கள்ல நேரா போய் குதிக்காதீங்க. அதே குடும்பப் பேர்ல பெரிய ஆள் ஒருத்தர் இருந்தாருன்னா உடனே அவரோட போய் ஒட்டிக்கிறது தான் முக்காவாசி பேர் பண்ற தப்பு. தாத்தா பாட்டி கல்யாணத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு கல்யாணமா பின்னாடி போங்க. ஏன் கல்யாணம்னா, கத்தோலிக்க சர்ச் ரிஜிஸ்டர்ல பொதுவா மாப்ள பொண்ணு ரெண்டு பேரோட அப்பா அம்மா பேரும் இருக்கும், ஒண்ணு கிடைச்சா அடுத்த தலைமுறை தானா கைக்கு வந்துடும். பொம்பளைங்களுக்கும் கல்யாணத்துக்கு அப்புறம் பொறந்த வீட்டுப் பேரே தான் எழுதுவாங்க, அதனால அம்மா வழியும் அறுந்து போகாது. ரிஜிஸ்டர் படங்கள் 1621ல இருந்து பேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி தேடுற வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு. மாண்ட்ரியால் யுனிவர்சிட்டியோட பிஆர்டிஎச் டேட்டாபேஸ் முழுசா பாக்க காசு கேக்கும், ஆனா குடும்பம் குடும்பமா கோத்து வச்சிருக்காங்க, குடுக்குற காசுக்கு மோசமில்ல.

நடுவுல குடும்பப் பேரே மாறிடும், பயப்படாதீங்க. "மிவில் டி தேஷேன்"னு இருக்கும், அந்த டி நம்ம ஊரு பத்திரத்துல வர்ற "என்கிற" மாதிரி தான். ஒரு புள்ள மிவில்னு போவான், தம்பி தேஷேன்னு போவான். பட்டாளத்துல வந்தவங்களுக்கு இந்தப் பட்டப்பேரு ரொம்ப சகஜம், அதனால ரெண்டு பேர்லயும் தேடணும்.

தேதியில நான் ஏமாந்தேன். 7ன்னு எழுதி பக்கத்துல bre-ன்னு மூணு எழுத்து போட்டிருந்தாங்க, நான் ஏழாவது மாசம் ஜூலைன்னு நினைச்சு ஒரு வாரம் தேடுனேன். அது செப்டம்பர்! பிரெஞ்சுல செப்ட்னா ஏழு, அவ்ளோ தான். 8 போட்டா அக்டோபர், 9 போட்டா நவம்பர், எக்ஸ் எழுத்து போட்டா டிசம்பர்.

எங்க மருமக அம்மா வழி சக்காரி க்ளூட்டியேங்கிற ஆள்கிட்ட போய் நின்னுச்சு. இதுல பெருமைப்பட ஒண்ணுமில்ல, 1800க்குள்ளயே அவருக்கு 10,850 வாரிசுன்னு பிஆர்டிஎச் கணக்கு, க்யூபெக்ல பாதி ஊரு அவரு பேரன் பேத்தி தான். தச்சர், 1634ல வந்தவரு, எழுதத் தெரியாது, கையெழுத்துக்குப் பதிலா ஒரு கோடாலி வரைவாரு. அத பாத்துட்டு மருமக அதையே டாட்டூ குத்திக்கப் போறேன்னு நிக்குது.

ஆரம்ப காலத்துல சர்ச் ரிஜிஸ்டர மட்டும் நம்பாதீங்க. க்யூபெக் நகரத்துச் சர்ச் 1640ல எரிஞ்சு போச்சு, அதுக்கு முன்னாடி உள்ளத ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதுனது தான். அதனால நோட்டரி பத்திரம், கல்யாண ஒப்பந்தம், நிலப் பத்திரம் எல்லாம் சேத்துப் பாருங்க. 1666, 1667, 1681 சென்சஸும் உதவும், ஆனா வயசு குத்துமதிப்பா தான் இருக்கும்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் தான் கடல் தாண்டணும். கல்யாணப் பதிவுல பிரான்ஸ்ல எந்த ஊரு, எந்தச் சர்ச்னு இருந்தா அந்த மாவட்ட ஆர்க்கைவ்ஸ், அதாவது பழைய ஆவணக் காப்பகத்தோட சைட்ல ரிஜிஸ்டர் இருக்கான்னு பாருங்க. ஊரு தெரியாம பிரான்ஸ் பூரா தேடுறது வைக்கோல் போர்ல ஊசி தேடுற கத தான். ஒண்ணு மட்டும் கவனம், க்ளூட்டியே மகனுக்கும் சக்காரின்னே பேரு. அந்த மகன் கல்யாணத்த க்யூபெக்ல தேடித் தேடி அலுத்துட்டேன், கடைசில பாத்தா 1648ல திரும்பிப் போய் பிரான்ஸ்ல லா ரோஷெல்ல கட்டியிருக்கான். அப்பன் பொண்டாட்டி செயிண்ட் துப்போன், மகன் பொண்டாட்டி மதலேன் எமார், பொண்டாட்டி பேர வச்சு தான் ரெண்டு சக்காரியையும் பிரிச்சேன்.