டெம்பிளர் ஆவணங்களில் ஒருவரின் பதவியைக் கண்டறியும் முறை

சிலுவைப் போர்க் காலத் துறவு வீரர் சபைகளைப் பற்றிப் படிக்கும்போது, இன்றைய படைப் பதவிகளின் வரிசையை அவற்றின் மீது பொருத்திப் பார்ப்பது வீண் குழப்பத்தையே தரும். ஒருவர் எதைக் காக்கும் பொறுப்பில் இருந்தார் என்று கேட்டுப் படிப்பதே நல்ல வழி. 1129ஆம் ஆண்டு பிரான்சின் த்ருவா நகரில் கூடிய திருச்சபை அவையில் ஏற்பு பெற்ற, அத்தகைய சபைகளுள் ஒன்றான டெம்பிளர் சபையில் இதைப் பழகுவது எளிது.

முதலில் மேலங்கியின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை அணிந்தவர் நைட், அதாவது உயர்குடியில் பிறந்த குதிரை வீரர். கறுப்போ பழுப்போ அணிந்தவர் சார்ஜெண்ட், அதாவது நைட்டுக்குக் கீழ்நிலையில் போரிலோ பிற பணிகளிலோ இருந்தவர். அடுத்து, குதிரைகளை எண்ணுங்கள். சபை விதிப்படி நைட்டுக்கு மூன்று குதிரைகளும் ஓர் ஏவலரும் உண்டு; சார்ஜெண்டுக்குப் பொதுவாக ஒரே குதிரை. ஆனால் கொடி தாங்குபவர், தலைமைச் சமையலர், லாடம் அடிப்பவர், இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கோ (Acre) துறைமுகத்தின் கப்பல் தளப் பொறுப்பாளர் முதலிய சில சார்ஜெண்டுகளுக்கு இரண்டு குதிரைகள் அனுமதிக்கப்பட்டன. பிறப்பால் வந்த தகுதிக்கு அப்பால், பணியின் பொறுப்பையும் சபை மதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி உயர் பதவிகளுக்கு வாருங்கள். கிராண்ட் மாஸ்டர் தலைவரே என்றாலும், சபை உறுப்பினர்களான சகோதரர்கள் கூடும் அவையின் இசைவின்றி நிலத்தைக் கொடுக்கவோ போர் தொடங்கவோ அவரால் இயலாது. அவருக்குத் துணையாகவும் பதிலாகவும் இருந்தவர் செனஷல். குதிரைகளும் ஆயுதங்களும் மார்ஷலிடம் இருந்தன. டிரேப்பர் உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் வழங்கினார். உள்ளூரில் திரட்டிய இலகு குதிரைப்படை டர்கோபோலியரின் கீழ் இயங்கியது.

கமாண்டர் என்ற சொல்லில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சிலுவைப் போர் வீரர்கள் நிறுவிய ஜெருசலேம் இராச்சியத்தின் கமாண்டர் கருவூலத்தைக் காத்தார். ஜெருசலேம் நகரக் கமாண்டரோ, யோர்தான் ஆற்றுக்குச் செல்லும் யாத்திரிகரைப் பத்து நைட்டுகளுடன் பாதுகாத்தார். ஐரோப்பாவில் ஒரு சிறு பண்ணை மடத்தை நடத்தியவருக்கும் அதே பெயர்தான். ஆகவே பதவியோடு ஊர்ப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பிற சபைகளுக்குச் செல்லும்போது நிற விதியை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். ஹாஸ்பிட்டலர் சபையில் நைட்டின் மேலங்கியும் கறுப்பே. டியூட்டானிக் நைட்டுகள் வெள்ளை மேலங்கியில் கறுப்புச் சிலுவை அணிந்தனர். அங்கெல்லாம் பொறுப்பைக் கொண்டே பதவியை அடையாளம் காண வேண்டும்.