முதல் சூத்திரத்தை வைத்துக் கடவுளை விசாரிப்பது எப்படி?

கடவுள் உண்டா இல்லையா என்று வீட்டில் பேச்செடுத்தால் குரல்தான் ஏறும், வாதம் நகராது. நான் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். எதையும் படிப்படியாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஒப்பும். அதனால் சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர் யார் கேட்டாலும் ஒரே கணக்கைத்தான் கொடுக்கிறேன்: 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம். நூலே 12 சூத்திரம், 40 அடிதான். முதல் சூத்திரம் இது:

அவன்அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

உரையைத் திறக்கும் முன் பென்சிலை எடுங்கள். அவன், அவள், அது என்று சுட்டக்கூடிய உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே அது தோற்றுவிக்கப்பட்டது. ஒடுங்கியது, உயிர்களைப் பற்றிய அழுக்கான மலம் தீராததால் மறுபடி தோன்றுகிறது. எவனிடம் ஒடுங்கியதோ அவனிடமிருந்தே தோன்ற வேண்டும். ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதுங்கள்.

அடுத்து, மறுக்கிற ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எனக்கு என் தங்கை வீட்டுக்காரர் வாய்த்தார், கறுப்புச் சட்டைக்காரர். “மரம் பட்டுப்போகும், மனுஷன் சாவான், சரி. மொத்த உலகமும் ஒருநாள் தோன்றியதுன்னு எப்படிக்கா சொல்றீங்க?” என்று முதல் படியிலேயே மறித்தார். 1948இல் பி.பி.சி. வானொலியில் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு கடவுள் உண்டா என்று வாதாடிய தத்துவ அறிஞர் ரஸ்ஸல் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டா? ஒவ்வொன்றாகத் தோன்றி மறையக் கண்ட பிறகும் உலகம் என்றும் இப்படியே இருக்கும் என்பாயா என்கிறது மெய்கண்டாரின் எடுத்துக்காட்டு வெண்பா. எனக்கு அது போதவில்லை. அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். பெருவெடிப்பைத் துணைக்கு இழுக்காதீர்கள். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்து விரிந்தது என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. யார் செய்தது என்பது அதன் கேள்வியே இல்லை.

தோன்றியது என்றே வைத்துக்கொண்டாலும் தானாகத் தோன்றக் கூடாதா? இதற்குச் சைவ சித்தாந்திகள் காட்டுவது குயவனை. மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், செய்கிறவனான குயவன் நிமித்த காரணம். உலகுக்கு அவை மாயை என்னும் மூலப்பொருள், சிவனின் ஆற்றலான சத்தி, சிவன். ஆக, இந்தக் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து படைப்பவர் இல்லை; உலகமே அவர் என்பதும் இல்லை. இதைக் கவனிக்காமல் பலர் வேறு மதத்துக் கடவுளோடு சண்டை போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

நிதானிக்க வேண்டிய இடம் ‘மலத்துளதாம்’. ஒடுங்கியது ஒடுங்கியபடியே கிடக்கலாமே, மறுபடி எதற்கு? உயிர்களை மறைத்திருக்கும் ஆணவம் என்ற மலம் இன்னும் கழியவில்லை. அது பக்குவப்படத்தான் உடம்பு, கருவிகள், உலகம், அனுபவங்கள் என்கிறது சித்தாந்தம். தனு கரண புவன போகம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். கடவுள் இருக்கிறார் என்பதால் நம் பிழைப்பில் என்ன மாறுகிறது என்பவருக்கு இங்கேதான் பதில்: நமக்கு நேர்வது எதுவும் வீண் இல்லை.

ஆனால் இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, “எந்தப் பக்குவத்துக்கு இது?” என்று என்னைக் கேட்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் காபி போடப் போனேன். இந்தச் சூத்திரம் ஒரு கர்த்தா உண்டு என்பது வரைதான் கொண்டுவிடும். அவர் நம் வேண்டுதலைக் கேட்கிறாரா என்பது இதற்குள் இல்லை.

முதல் படியிலேயே நின்றுவிட்டவரை இரண்டாம் சூத்திரத்துக்கு இழுக்க வேண்டாம், நேரே மூன்றாவதுக்குக் கூட்டிப் போங்கள். ‘எனது உடல்’ என்கிறாயே, அப்படிச் சொல்லும் நீ யார் என்று விசாரிக்கிற சூத்திரம் அது. அதில் உட்காரக் கடவுளை ஒப்புக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தங்கை வீட்டுக்காரர் இப்போது அங்கேதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.