மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் எழுதும் முன்

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் சிக்கலானபோது, மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். மாநில மருத்துவ கவுன்சில் டாக்டரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். நஷ்டஈடாக ஒரு ரூபாய்கூட வாங்கித்தர முடியாது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தைத் தண்டிக்கவும் அதிகாரம் இல்லை.

முதலில் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002 நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டினார்கள். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு என்று பேர் சொல்லிக் கேட்டு, மனு நகலில் சீல் வாங்கினேன். அந்த நர்ஸ் குறிப்பில்தான் ராத்திரி 2 மணிக்கு ‘காய்ச்சல் 102’ என்று இருந்தது. டாக்டர் வந்து பார்த்ததாக ஒரு வரி இல்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை அதன் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கெடு 2 வருடம். கவுன்சில் விசாரணை நடக்கிறது என்பதற்காக அது தானாகத் தள்ளிப்போகாது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள், இரண்டு மனுவையும் சேர்த்தே போடுங்கள்.