ஊருக்குப் போனால் முதலில் அம்மாவின் மூச்சை எண்ணுங்கள்

போய் இறங்கிய முதல் நாளே எண்ணுங்கள். அவ சும்மா இருக்கும்போது, அவவுக்குத் தெரியாமல், ஒரு முழு நிமிடம். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி, பிரஷர், போடுகிற குளிசைகளின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதவில்லை.

ஆறாம் நாள் அம்மா சாப்பிடவில்லை. என்னைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. "காய்ச்சல் இல்லைத்தானே, வயசு போனா அப்பிடித்தான். இவ்வளவு தூரம் வந்திட்டு எங்கட வீட்டை வராமல் போகப்போறியோ?" சின்னம்மா விடவில்லை. தெர்மோமீட்டர் 36.8 காட்டியது. நானும் போனேன். திரும்பி வர இரவு ஒன்பதரை.

மருத்துவமனைக் கவுண்டரில் கேட்டார்கள்: "வழமையா பிரஷர் எவ்வளவு?" தெரியாது. "என்ன குளிசை?" தெரியாது. "மகன்தானே நீங்கள்?" படிவத்தை ஒதுக்கிவைத்து, விபரம் தெரிந்த யாரையாவது கூட்டிவரச் சொன்னார்கள். பிரஷர் 108/64. நோர்மல் என்று எழுதி வாங்கில் இருத்தினார்கள். நாற்பது நிமிடம். அந்த வழியால் போன தாதி ஒருவர்தான் நின்று மூச்சை எண்ணினா: 28. அம்மாவுக்கு எப்போதும் 150 இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்ன பிறகுதான் 108 எவ்வளவு தாழ்வு என்று எல்லோருக்கும் விளங்கியது. சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது.

பதினொரு வருடம் ஞாயிறு தவறாமல் வீடியோவில் பார்த்த அம்மா. அதில் முகம் தெரியும், மூச்சு தெரியாது.

வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு மூச்சு 12–20, நாடி 60–100. சும்மா இருக்கும்போதே மூச்சு 25ஐத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். முதியவருக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். திடீர்க் குழப்பத்தை வயதின் மேல் போடாதீர்கள்.

கூட்டிப்போகும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. பிறந்த குழந்தைக்கு மூச்சு 30–60 இயல்பு. இரண்டு மாதம் தாண்டி ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 வந்தாலே அது வேக மூச்சு. விலா இடுக்கு உள்ளிழுபட்டால், உதடு நீலமானால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சலே அவசரம்.

வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் இருக்கிறது.

அம்மா தேறிவிட்டா. அவவின் தாள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது: மூச்சு 16, நாடி 72, பிரஷர் 148/82. விமான நிலையத்துக்குக் கிளம்பும் காலையில், அவ நித்திரையாக இருக்கும்போது, இன்னொருமுறை எண்ணினேன்.