ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: வீட்டுப் படலை வரை எத்தனை மணி நேரம்?

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாகப் போனால் முதலில் 11,000 கிலோமீற்றர், ஏறத்தாழ 13 மணி நேரம். அடுத்தது 3,300 கிலோமீற்றர், நாலரை மணி நேரம். லண்டன் வழியாகப் போனாலும் மொத்தத் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே தூரத்தை விடுங்கள், நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். வயதானவர்களோடு போனால் மூன்று மணி நேரமாவது வேண்டும். சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மணிக்கூடு. குளிர்காலத்தில் ஊர் நேரம் நமக்குப் பத்தரை மணி முந்தியது, கோடையில் ஒன்பதரை. ஜனவரியில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, நடுவில் மூன்று மணி காத்திருந்தால், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்குவது ஞாயிறு காலை 5 மணிக்கு. சனிக்கிழமை வானத்திலேயே போய்விடும். ஒருமுறை நான் "வெள்ளி வெளிக்கிடுறன்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சனி பகலே புட்டு அவித்து, சட்டியை மூடி வைத்துவிட்டு விறாந்தையில் இருந்திருக்கிறார், இருட்டும்வரை. அன்றிலிருந்து புறப்படும் நாளைச் சொல்வதில்லை, ஊர்த் திகதிப்படி படலை திறக்கும் நாளைத்தான் சொல்கிறேன். கலியாணம், அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் பயணம் முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் சுமார் 370 கிலோமீற்றர். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக வான் வண்டியில் ஏழெட்டு மணி நேரம். வான்காரத் தம்பி பெரும்பாலும் இரவிரவாக ஓடித்தான் நம்மை ஏற்ற வருவார். முதல் நாளே வந்து நன்றாகப் படுத்து எழும்பச் சொல்லி, அதற்கான காசையும் கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள்: பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் சுடச்சுடக் கச்சான். பிள்ளைகள் தூங்கினால் ஆனையிறவுக்கு முன் எழுப்பிவிடுங்கள், இரு பக்கமும் விரியும் கடல்நீரேரியை அவர்கள் பார்க்கட்டும்.

சென்னை போய் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள பலாலிக்குப் பறப்பது இன்னொரு வழி, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பலாலி 2019-இல் திறந்த சர்வதேச விமான நிலையம். ஆனால் சிறிய விமானம், பொதி அளவு குறைவு. இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேண்டும்.

திரும்பும்போது எதிர்க்காற்று. டுபாயிலிருந்து ரொறன்ரோ 14 மணி நேரம் வரை இழுக்கும். நேரம் பின்னோக்கிப் போவதால் பெரும்பாலும் புறப்பட்ட அன்றே வந்து இறங்கலாம். அதை நம்பி மறுநாள் காலையே வேலைக்குப் போகாதீர்கள், இன்னும் ஒரு நாள் லீவு போடுங்கள்.